வராந்தாவில் நிற்கும் பையன்

போன மாதம் கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையிலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். மகன் ஆறாம் வகுப்பு, அரசு உதவி பெறும் பள்ளி. வாரத்தில் இரண்டு நாள் மதப் பாட வேளை வந்ததும் அவனை மட்டும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பையை நெஞ்சோடு அணைத்தபடி மணி அடிக்கும்வரை வராந்தாவில் நிற்கிறான். போகிற வருகிற பிள்ளைகள், “என்னலே, வீட்டுப்பாடம் எழுதலியா?” என்று கேட்கிறார்களாம்.

“சாரே, அவன் என்ன தப்பு செஞ்சான்?”

ஒரு தப்பும் இல்லை. அந்த வகுப்பு வேண்டாம் என்று அம்மா எழுதிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். உண்மையில் அதைக்கூட அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்வது இது: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம்; ஆனால் பெற்றோர் சம்மதித்தால்தான் பிள்ளையை அதிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்கலாம். அதாவது, சம்மதம் கேட்க வேண்டியது பள்ளி. நம் ஊரில் நடப்பது தலைகீழ். வாய் திறக்காத பெற்றோர் எல்லாரும் சம்மதித்ததாகக் கணக்கு.

இதைப் பேசினாலே, “எந்தப் பக்கம்?” என்கிறார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47. ஒரு பள்ளியில் பெரும்பான்மையான பிள்ளை, அடுத்த தெருப் பள்ளியில் சிறுபான்மை. கிறிஸ்தவ சபைகள் பள்ளி நடத்தும் உரிமையை (பிரிவு 30) நான் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பள்ளிகள் இல்லாமல் இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு எழுத்தே வந்திருக்காது. அரசுப் பள்ளியில் சரஸ்வதி பூஜைக்கு எல்லாப் பிள்ளைகளையும் கைகூப்பச் சொன்னால், அங்கேயும் இதே கேள்விதான்.

பக்கத்துக் கேரளத்தில், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் மத நம்பிக்கையால் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது. திரும்பச் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 1986இல்.

நாங்கள் சில பெற்றோரும் வழக்கறிஞர்களுமாகக் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சேர்க்கைப் படிவத்தில் சம்மதத்துக்குத் தனியாக ஒரு வரி. அப்புறம், வேண்டாம் என்ற பிள்ளைக்கு வராந்தா இல்லை. உட்கார ஓர் இடம், படிக்க ஒரு புத்தகம், மேற்பார்க்க ஓர் ஆசிரியர்.

அந்தப் பையனின் தலைமையாசிரியரிடம் மனுவோடு போனோம். நல்லபடியாகவே பேசினார், நூலகத்தில் உட்காரட்டும் என்றார். நூலகச் சாவி வைத்திருக்கும் ஆசிரியர் அந்த வேளையில்தான் மதப் பாடம் எடுக்கிறாராம். சாவிக்கு இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.