சீமெந்துப் பூச்சுக்குள்ள காணாமப் போற பழைய வீடுகள்

மட்டக்களப்புல பழைய கட்டடம் எண்டாலே எல்லாரும் கோட்டையத்தான் சொல்லுவாங்க. சரிதான், 1628ல போர்த்துக்கீசன் கட்டி 1638ல ஒல்லாந்தன் புடிச்சது, கச்சேரியும் (மாவட்ட அரச அலுவலகம்) கனகாலம் அதுக்குள்ளதான் நடந்தது, அதால ஆள் புழக்கம் இருந்தது, கதவு கூரையையும் யாராச்சும் பாத்துக்கிட்டாங்க. 1814ல வில்லியம் ஓல்ட் வந்து தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி மாதிரி இடங்களுக்குப் பழைய மாணவர்கள் இருக்காங்க, ஒரு சுவர்ல கை வச்சாலே சத்தம் வரும். வாவிக்கு நடுவுல டவுன் இருக்கிற புளியந்தீவுக்குள்ள பழைய வீடு, விறாந்தை வச்ச கடைக்கெல்லாம் யாரு இருக்கா?

கட்டடத்துக்குப் படம் கீறுறது என்ட தொழில். சில பேர் வந்து "உடைச்சுப்போட்டு ஸ்லாப் போட்டுத் தாங்க"ம்பாங்க. வேற சில பேர் "அப்பப்பா கட்டினது, உடைக்க மனமில்ல, நல்லா சீமெந்து பூசி ரிப்பேர் பண்ணித் தாங்க"ம்பாங்க. உண்மையச் சொன்னா எனக்கு ரெண்டாவது ஆக்களைக் கண்டாத்தான் கூடப் பயம்.

ஏனெண்டா அந்தச் சுவர் முருகைக்கல்லும் (கடல்ல எடுக்கிற பவளக்கல்) சுண்ணாம்பும். நம்மட தீவுல சுத்திவர வாவி, நிலத்து ஈரம் எப்பவும் சுவர்ல ஏறிக்கிட்டேதான் இருக்கும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளிய விட்டுக் காயவச்சிரும். சீமெந்து விடாது. மறுகா ஈரம் போக வழியில்லாம இன்னும் மேல ஏறி, உப்பு உள்ளுக்குள்ள பூத்து, பூச்சு ஊதி, விழும்போது கல்லுட மேல்தோலையும் சேத்துக் கழட்டிக்கிட்டு விழும். மேசன் திரும்ப இன்னும் தடிப்பா பூசுவார். நாலஞ்சு வருசத்துல "சுவர் உக்கிப்போச்சு, இனி உடைக்கத்தான் வேணும்" எண்டு முடிவாகிரும். சுவரைக் கெடுத்ததே அந்தப் பூச்சுதான் எண்டு சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல.

ஒரு வீட்டுல முழங்கால் உயரத்துல ஊதிக் கிடந்த சீமெந்தைத் தட்டி எடுத்தன். உள்ள முருகைக்கல்லுட பூப்பூவான வரி, இடையில சிப்பித் துண்டு, தொட்டா ஈரமும் வெள்ளைத் தூளும். அதே சுவர்ல மேல, சீமெந்து படாத இடத்துல பழைய சுண்ணாம்பை சாவியால கீறிப் பாத்தன், லேசுல வரல. வீட்டுக்காரர் அதுக்குப் பொறகுதான் பேச்சை நிப்பாட்டினார்.

கூரைக் கதையும் இதேதான். 1978 நவம்பர் 23 சூறாவளியில ஓடு பறந்த வீடுகளுக்கு அவசரத்துக்குக் கூரை சீற் போட்டாங்க, அது அப்ப சரி, ஆனா அவசரத்துக்குப் போட்டது அப்பிடியே நிரந்தரமாப் போய், ஓட்டைத் தாங்கின தீராந்தி மரமெல்லாம் ஒவ்வொண்டா விறகுக்குப் போச்சு. (இப்ப அந்த மாதிரி மரத்துக்கு என்ன விலை எண்டு கேட்டுப் பாருங்க.)

கடல்ல முருகைக்கல் எடுக்கிறது இப்ப சட்டப்படி தடை, அதால உடைச்ச கல்லுக்குப் பதில் கல் கிடைக்காது. பூசுறதெண்டா ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு நல்லாக் கழுவின மணல் எடுத்து, முதல்ல ஒரு மூலையில கொஞ்சம் பூசிப் பாருங்க, மெல்லமாத்தான் காயும், மேசன் அவசரப்படுத்தினா கேக்காதீங்க. உடைக்கிறதாத்தான் முடிவெண்டா, ஓட்டுல கை வைக்க முதல் ஒவ்வொரு அறையையும் டேப் வச்சு அளந்து, நாலு பக்கமும் ஃபோன்ல படம் எடுத்து, காணி உறுதிக் கொப்பியோட சேத்து வைங்க. அளக்க ஆள் இல்லையெண்டா என்னட்ட சொல்லுங்க, பழைய வீட்டுக்கு நான் காசு கேக்கிறதில்ல.