குதிரையை விற்கிறவர்களே, வாங்க வருகிறவரிடம் கேள்வி கேளுங்கள்

நுவரெலியாவில் உல்லாசப் பயணிகள் வருகிற சித்திரை சீசன் முடிந்து மூன்றாம் கிழமை. இரவு எட்டரைக்கு ஃபோன் வந்தது. "டொக்டர், குதிரை படுத்துப் படுத்து எழும்புது. வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. கொஞ்சம் நல்லெண்ணெய் ஊத்திவிட்டா சரியா வருமா?"

எண்ணெய் ஊற்ற வேண்டாம், முன்னால் இருக்கிற தீனியை எல்லாம் அப்புறப்படுத்துங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசியாக எப்போது லத்தி போட்டது என்று கேட்டேன்.

"லத்தியெண்டா?"

"சாணி."

"அதை நாங்க கவனிக்கேல்ல."

நுவரெலியாவிலிருந்து அந்த விடுமுறைப் பங்களாவுக்கு மழையில் ஒன்றேகால் மணித்தியாலம். போய்ப் பார்த்தால் எனக்குத் தெரிந்த குதிரை. பதின்மூன்று வயதுப் பெட்டை. பந்தயம் ஓடி முடித்து, பிறகு நாலைந்து வருடம் கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளைச் சுமந்தது. போன வருடம் அதன் கடைவாய்ப் பல்லை அரம் போட்டுத் தேய்த்துவிட்டவளே நான்தான். அப்போது தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. இப்போது உடம்பெல்லாம் வியர்த்து, ஈறு செங்கல் நிறமாகி, காலால் நிலத்தைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. நாடி நிமிடத்துக்கு 92. சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். விலாவில் காதை வைத்தால் குடல் ஓடும் சத்தமே இல்லை. மூக்கு வழியாகக் குழாய் இறக்கினேன். புளித்த வாடையோடு மஞ்சள் சோறு வந்தது.

முதல் நாள் பங்களாவில் விசேஷமாம். மிஞ்சிய சோறு இரண்டு வாளி, பாண் துண்டுகள், கொஞ்சம் புண்ணாக்கு. "மனுசர் சாப்பிடுற சுத்தமான சாப்பாடுதானே டொக்டர்" என்றார் குதிரையை வாங்கிய ஐயா. அவர் கெட்டவர் அல்ல. மழையில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றார், அழுதார். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு ஊசி போட்டு அதன் வேதனையை முடித்து வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வாங்கிப் பதினொரு நாள்.

காலையில், விற்ற பெரியவருக்கு நானே கோல் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "பெரிய மனுசரு டொக்டரம்மா, கார்ல வந்து எறங்குனாரு. அவருக்குத் தெரியாமலா குதிரை வாங்குவாருன்னு நெனச்சேன். அவரைப் போயி நான் என்னத்த கேக்குறது?"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வார்த்தைதான். இந்த வருடத்தில் இது எனக்கு மூன்றாவது. மூன்றிலும் வாங்கியவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்றிலும் விற்றவருக்கு எல்லாம் தெரியும். மூன்றிலும் விற்றவர் வாய் திறக்கவில்லை.

நுவரெலியா 1875இலிருந்து பந்தயத் திடல் உள்ள ஊர். துரைமார் குதிரையேறித் தோட்டம் சுற்றிய காலத்தில் அந்தக் குதிரைகளுக்குத் தீனி வைத்தது, தேய்த்துவிட்டது, இரவில் காய்ச்சல் பார்த்தது எல்லாம் நம் பாட்டன்மார். குதிரை துரையுடையது, குதிரையைப் பற்றிய அறிவு குதிரைக்காரனுடையது. இன்றைக்கும் அப்படித்தான். காசு வாங்குகிறவரிடம் இருக்கலாம், அறிவு உங்களிடம்தான் இருக்கிறது. துரையிடம் கேள்வி கேட்கக் கூடாது என்ற பழைய பயத்தைத் தயவுசெய்து லாயத்துக்கு வெளியே விடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் அந்தக் குதிரைக்குச் செய்கிற துரோகம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. சித்திரையில் உழைத்ததை வைகாசி மழை தின்றுவிடும். சவாரி இல்லை, ஆனால் தீனிச் செலவு நிற்காது. அந்த நேரத்தில் கையில் காசோடு ஒருவர் வந்தால் யாரும் தெய்வத்தைப் போலத்தான் பார்ப்பார்கள். அந்த அவசரத்தில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிற ஒரு பேச்சு உண்டு: "குதிரையும் மாடு மாதிரித்தானே." மலையகத்தில் மாடு வளர்த்த வீடுகள் நிறைய. அந்த அனுபவமே குதிரைக்கு எமனாகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டின் வயிற்றில் நாலு அறை. முதல் அறை பெரிய அண்டா. போட்டதை எல்லாம் அதில் ஊறவைத்து, நுண்ணுயிர்கள் பாதி வேலையை முடித்து, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு, மறுபடி அனுப்பும். ஆகாத சாமான் கொஞ்சம் போனாலும் பல தடவை அந்த அண்டாவே சமாளித்துவிடும். குதிரைக்கு அண்டா கிடையாது, அசைபோடுவதும் கிடையாது. 450 கிலோ உடம்புக்கு ஒரே ஒரு இரைப்பை, அதுவும் 8 முதல் 15 லீற்றர்தான் பிடிக்கும். ஒரு தண்ணீர் வாளி அளவு. அதன் வாயில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம், போனது திரும்பி வராது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நன்றாகக் கேளுங்கள்: நாய் எடுக்கும், பூனை எடுக்கும், நாம் எடுப்போம். குதிரையால் முடியாது. உள்ளே போனது முன்னாலேதான் போக வேண்டும், இல்லாவிட்டால் இரைப்பை வெடிக்க வேண்டும்.

மாட்டுக்கு நுண்ணுயிர்கள் வாசலிலேயே காவல் நிற்கின்றன. குதிரைக்குக் கடைசியில், பெருங்குடலில். அவை நாருக்குப் பழகியவை. சோறும் பாணும் மாவும் மொத்தமாகப் போனால் சிறுகுடல் செரித்து முடிக்காது. மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கும், வாயு கட்டும், விஷம் இரத்தத்தில் ஏறும். வயிற்றுக்குத்தில் தப்பினாலும் இரண்டு நாளில் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் நிற்கும். குதிரை ஒரு நாளில் 14, 16 மணித்தியாலம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்காகப் படைக்கப்பட்டது. அதற்குக் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று வைப்பது மாட்டுக் கணக்கு.

புல்லும் கொஞ்சமாகப் போதாது. அந்த எடைக் குதிரைக்குப் பச்சைப் புல் நாளுக்கு நாற்பது கிலோ அளவில் வேண்டும், தண்ணீர் 20 முதல் 40 லீற்றர். பங்களா முற்றத்துப் புல்வெளியைக் காட்டி "நல்லா மேயட்டும்" என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு கிழமையில் அந்த முற்றம் வெறும் மண்.

இன்னும் இரண்டு விஷயம், தொழில்காரி என்ற முறையில். கோழித்தீனி ஒரு பிடிகூட வேண்டாம். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க மொனென்சின் போன்ற மருந்துகளைக் கலக்கிறார்கள், சில மாட்டுத் தீனியிலும் உண்டு. கோழிக்கு ஒன்றும் ஆகாது, குதிரைக்கு இதயத் தசை போய்விடும். மாற்று மருந்து என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அடுத்தது தவிடு. நம் பக்கத்துக் கிக்குயு புல்லில் உள்ள ஒக்சலேற்று, சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், அதுவும் சுண்ணாம்புக்கு எதிரி. இரண்டையும் மட்டுமே போட்டு வளர்த்தால் குதிரை தன் எலும்பையே கரைத்துத் தின்னும். மூஞ்சி இரண்டு பக்கமும் புடைத்து, காரணம் தெரியாமல் நொண்டும். "என்ன டொக்டர், முகம் கொழுத்து அழகா வந்திருக்கு" என்று ஒருவர் சந்தோஷமாகக் காட்டினார். அது கொழுப்பில்லை.

கரட்டையும் சொல்லிவிடுகிறேன். கழிவுக் கரட் மூட்டையாகக் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம். நாளைக்கு நாலைந்து கொடுக்கலாம், மூட்டையை அவிழ்த்துக் கொட்ட வேண்டாம். வட்டமாக வெட்டாதீர்கள், தொண்டையில் மூடிபோல் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீறிக் கொடுங்கள்.

சரி, விற்பனைக்கு வருவோம். ஃபோனில் முதல் வார்த்தையே "கடைசி விலை என்ன?" என்று கேட்கிறவரிடம் விலை சொல்லாதீர்கள். குதிரை எங்கே நிற்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். "தோட்டக்காரப் பையன் பாத்துக்குவான்" என்றால் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். காசு கொடுக்கிறவர் இல்லை, தீனி வைக்கிறவன்தான் உங்கள் உண்மையான வாங்குநர். இரண்டு மூன்று நாள் உங்களோடு நின்று பழகட்டும். புல் எங்கே அறுப்பார்கள்? மருந்தடித்த தேயிலை மலையில் அறுத்த புல் கூடாது. ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை குளம்பு சீவி லாடம் பார்க்க அந்தப் பக்கம் ஆள் உண்டா? கூட வேறு குதிரை இருக்கிறதா? இது கூட்டத்தில் வாழும் பிராணி, தனியாகக் கட்டிப்போட்டால் வேலியைக் கடித்தே தேய்ந்துவிடும். யார் ஏறப் போகிறார்கள், என்ன எடை? 450 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 90 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கொட்டில் எத்தனை அடி? "குதிரை நின்னுக்கிட்டேதானே தூங்கும்" என்று நாலடி அகலத்தில் கட்டி வைத்திருப்பார்கள். கண் அயர்வது நின்றபடிதான், ஆழ்ந்து உறங்க அது படுத்தாக வேண்டும்.

முடிந்தால் நீங்களே ஒரு தடவை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் காசு பெரிதில்லை.

"மகளுக்கு எட்டு வயசு, ஒரு குட்டியாப் பாத்துக் குடுங்க, ரெண்டும் சேந்து வளரட்டும்" என்று கேட்பவர்கள் வருவார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! கொடுக்கவே கொடுக்காதீர்கள். குட்டிக்கும் ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது. யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது? தெரியாத பிள்ளைக்குத் தெரிந்த குதிரை வேண்டும், பதினைந்து வயது தாண்டிய, எதற்கும் மிரளாத மட்டக்குதிரை. கம்பீரமாக இருக்கும் என்று காயடிக்காத ஆண் குதிரையைக் கேட்பவர்களுக்கும் இதே பதில். முன்பல் உடைந்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும்.

பார்க்க வருகிற அன்று, முதலில் நீங்கள் ஏறி ஓட்டிக் காட்டுங்கள். பிறகு உங்கள் பையன். அதற்குப் பிறகுதான் வந்தவர், தலைக்கவசத்தோடு. "நான் முந்தி ஓட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அங்கவடியில் எந்தக் கால் வைப்பது என்று தடுமாறுகிறவரை அன்போடு இறக்கி விடுங்கள். பிள்ளைகளைப் பின்பக்கம் விடாதீர்கள். படம் எடுக்கிறேன் என்று வாலுக்குப் பின்னால் போய் நிற்பார்கள், கண் உங்களிடம் இருக்கட்டும்.

குறையை மறைக்காதீர்கள். கடிக்குமென்றால் கடிக்குமென்று சொல்லுங்கள். நொண்டுகிற குதிரைக்குக் காலையில் வலிமருந்து கொடுத்து நிமிர்த்திக் காட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். மருந்து இறங்கியதும் மூன்றாம் நாள் அந்தக் கால் எனக்குத்தான் வருகிறது. இனி அப்படிக் கேட்டால் என் கையால் தரமாட்டேன்.

லீக்ஸ் ஏற்றுகிற லொறியில் அனுப்புவதானால் தரையில் சாக்கும் வைக்கோலும் தடிப்பாகப் போடுங்கள். ரம்பொடை வளைவுகளில் ஈரப் பலகையில் வழுக்கி விழுந்த குதிரைக்குத் தையல் போட்டிருக்கிறேன். கூடவே இரண்டு கிழமைக்கான பழைய தீனியை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுங்கள், காசு வாங்கியோ வாங்காமலோ. புதுத் தீனிக்கு மாற ஏழு முதல் பத்து நாள் வேண்டும். ஒரு கொப்பித் தாளில் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். அடியில் "சோறு, பாண், கோழித்தீனி கூடாது" என்று பெரிய எழுத்தில். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்ட திகதியையும் எழுதுங்கள். எழுத வராவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அந்தப் பெரியவர் இப்போது அந்தத் தாளைப் பொலித்தீனில் சுற்றிக் கடிவாளத்தோடு கட்டித்தான் அனுப்புகிறார். பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் வேறெங்கும் விற்காமல் தனக்கே திருப்பித் தர வேண்டும் என்றும் வாக்கு வாங்குகிறார். போன மாதம் ஒருவரைத் திருப்பி அனுப்பியும் விட்டார். "காசு போச்சு டொக்டரம்மா" என்றார். போனது எனக்கும் தெரியும். அதே கிழமை அந்தக் குதிரையின் பல்லைக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதைப் படித்தால், இரவில் குதிரை புரண்டால், விலாவைத் திரும்பிப் பார்த்தால், மேல் உதட்டைச் சுருட்டினால், தீனியை எடுத்துவிட்டு உடனே கோல் எடுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். போத்தலில் எண்ணெயோ சோடாவோ வாயில் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குப் போகும். வலிமருந்தும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். புரள விடாமல் மெதுவாக நடத்தலாம், உங்களுக்கு அடிபடும் என்றால் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிலில் லத்தி கிடக்கிறதா, ஈரமா, காய்ந்ததா என்று பாருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான்.