மென்பொருளுக்கு மூச்சு வாங்காது

இசையமைப்பு கற்க வருபவர்களில் பலர், முதல் வகுப்புக்கு முன்பே கணினி நிறையப் பாடக் காணொளிகளையும் ஒலித்தொகுப்புகளையும் சேர்த்துவைத்திருப்பதை ஆசிரியராக நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களிடம் இல்லாதது, பெரும்பாலும், எழுதி முடித்த ஓர் எட்டு பார் (தாளக் கணக்கில் பிரித்த சிறு பகுதி) மெட்டு.

மாணவர் ஒருவர் புல்லாங்குழலுக்கும் இரண்டு வயலின்களுக்கும் எழுதிய உருப்படி கணினியில் பிசிறின்றி ஒலித்தது. வாசிப்பவரோ ஒன்பதாவது பாரில் குழலை இறக்கிவிட்டு, “மூச்சை எங்கே எடுப்பது?” என்று கேட்டார். பன்னிரண்டு பார்களுக்கு ஓர் இடைவெளிகூட இல்லை. போதாக்குறைக்கு, கீழ் ஸ்தாயியில் இயல்பாகவே மெலிந்து ஒலிக்கும் குழலை வயலின்கள் மூடிவிட்டன. மென்பொருளில் குழலின் ஒலியளவைக் கூட்டிவைத்திருந்ததால் அதுவும் மாணவருக்குத் தெரியவில்லை. மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளை நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால், எழுதியதை வாய்விட்டுப் பாடிப் பார்த்த பிறகே பிளே பட்டனைத் தொட வேண்டும்.

தனித்தனி மெட்டுகளை ஒன்றாக ஒலிக்கும்படி இணைத்து எழுதும் கவுண்டர்பாயிண்ட்டுக்கு, இசையமைப்பாளர் ஃபுக்ஸ் எழுதி 1725இல் வெளிவந்த ‘கிராடஸ் அட் பர்னாசம்’ என்ற பாடநூல் இன்றும் பயன்படுகிறது. புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஹைடன் அதைக் கொண்டு தாமாகவே பயின்றவர். ஒரு சுரத்துக்கு எதிரே ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று வளரும் அதன் பயிற்சிகளை எழுதாமல் வெறுமனே படித்துச் செல்பவருக்கு அது சலிப்பூட்டும் நூலாகவே இருக்கும்.

என் கைக்கு அதிகம் உதவியவை பழைய ஸ்கோர்கள், அதாவது எழுதப்பட்ட இசைக்குறிப்புகள்தாம். 2006இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் இசையமைப்பாளர் பாஃக்கின் நான்கு குரல் கோரல்கள் (தேவாலயப் பாடல்கள்) இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கோரலின் மேல்குரலையும் அடிக்குரலான பேஸையும் மட்டும் தாளில் கையால் படியெடுத்து, நடுவில் உள்ள ஆல்டோ, டெனர் வரிகளை வெற்றாக விட்டு, அவற்றை நீங்களே நிரப்புங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். நாம் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டை) நிரப்புவதற்காகச் சுரங்களை அடுக்கியிருப்போம். பாஃக்கோ ஒவ்வொரு நடுக்குரலையும் தனியே பாடத்தக்க மெட்டாக நடத்தியிருப்பார். எனக்கு இது உறைக்க ஏறக்குறைய இருபது கோரல்கள் தேவைப்பட்டன. அத்தளத்திலிருந்து எதையும் பதிவிறக்கும் முன், உங்கள் நாட்டில் அதன் காப்புரிமை முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படைப்பு பழையதாக இருந்தாலும் பதிப்பு புதியதாக இருக்கலாம்.

கட்டண வகுப்புகளைப் பொறுத்தவரை நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: நான் எழுதிய பயிற்சியை யார் திருத்துவார், எத்தனை நாளில் திருப்பித் தருவார்? பதில் மழுப்பலாக இருந்தால், அந்தப் பணத்தில் ஒரு குழல் கலைஞரை ஒரு மணி நேரம் அமர்த்தி, உங்கள் உருப்படியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.