ஆற்றங்கரையில் படுக்கும் முன்

"யானை வருமா டொக்டர்?" வெருகல் பக்கம் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. அடுத்தது முதலை. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் எதில் படுப்பது, எப்படிப் படுப்பது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. திருகோணமலை மாவட்டத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் நான் பயப்படுவது அதற்குத்தான்.

மகாவலி கங்கையை ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிக் கடந்த காலத்தில் மூதூருக்கு அப்பால் பொழுதுபோக்குக்கென்று இலகுவில் யாரும் போக மாட்டார்கள். பாலங்கள் வந்த பிறகு, சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பின்நேரம் மருத மர நிழலில் அடுப்பு மூட்டிவிடலாம். நல்ல விஷயம், நானும் போயிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை, இருபது வயதுப் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி. முந்தின இரவு நண்பர்களோடு ஆற்றங்கரையில் தறப்பாள் விரித்துப் படுத்தவன். விடியப்புறம் வலி தொடங்கியதும், இரவு சுட்ட கோழி வேகவில்லை என்று கூட்டமாக முடிவு செய்துவிட்டார்கள். வழியில் ஒரு கிளினிக்கில் கஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் முதலில் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தேன். அப்புறம்தான் முகத்தைக் கவனித்தேன்: இமைகள் பாதி மூடிக் கிடந்தன. "இரவு நித்திரை இல்லை, அதுதான்" என்றான் நண்பன். நாக்கை நீட்டச் சொன்னேன். வாய் முழுதாகத் திறக்கவில்லை.

எட்டடி விரியன் பாம்பு. சிங்களத்தில் தெல் கரவல. மினுங்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் பொந்தில் கிடக்கும், இரவில் இரை தேடி வரும். கடிபட்டவன் எட்டடி நடப்பதற்குள் விழுவான் என்பதால் அந்தப் பெயராம். உண்மையில் கடிபட்டவர் பெரும்பாலும் எழும்புவதே இல்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிறார். பல் மிகச் சிறியது. புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் வருவதுபோல் வீக்கமோ தாங்க முடியாத வலியோ இதற்கு இருக்காது. கடித்த இடத்தைத் தேடினாலும் பல வேளை கிடைக்காது. புடையன் கடிக்கு நாங்கள் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்போம். எட்டடி விரியன் கடியில் அது ஒழுங்காக உறைந்து எங்களையும் ஏமாற்றும். விஷம் வேலை செய்வது நரம்பு நுனியில். முதலில் வயிற்று வலி, பிறகு இமை, தொண்டை, கடைசியில் மூச்சு.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் மிச்சமிருக்கும் விஷத்தைத்தான் கட்டும். நரம்பு நுனியில் ஏற்கெனவே நடந்த சேதம் தானாகச் சீராக நாட்கள் எடுக்கும். அதுவரை இயந்திரம் மூச்சு விட வேண்டும். அந்தப் பெடியன் ஐந்து நாள் இயந்திரத்தில் இருந்தான். குழாயை எடுத்த பிறகு சொன்னான்: "நுளம்பு என்று நினைத்துத் தட்டிவிட்டுப் படுத்தேன்."

அதனால் சொல்கிறேன், வெறும் தறப்பாளில் படுக்காதீர்கள். அடித்துணி சேர்த்துத் தைத்த, ஸிப் முழுதாக மூடும் கூடாரம் வேண்டும். ஸிப்பை இரவு முழுக்க மூடி வையுங்கள். காற்றுக்காகத் திறந்துவிட்டுத் தூங்குவதற்குக் கூடாரம் எதற்கு? அது இல்லையென்றால் நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். வலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று நேபாளத்தில் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். கூடாரத்தைச் சுற்றி உள்ளி கரைத்துத் தெளிப்பது, உப்புப் போடுவது எல்லாம் மனத்திருப்திக்கு மட்டும். மிச்சச் சோற்றைப் பக்கத்தில் கொட்டாமல் இருப்பது அதைவிட நல்லது: சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இரவில் ஒதுங்கப் போனால் டோர்ச்சும் சப்பாத்தும்.

வெளியில் படுத்த இரவுக்கு அடுத்த காலை காரணம் தெரியாத வயிற்று வலி, கண் சொருகல், விழுங்க முடியாமை, இதில் எது வந்தாலும் பாம்பைக் காணவில்லை என்று காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, ஆளை நடக்கவிடாமல், வாந்தி வந்தால் புரையேறாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். மந்திரிப்பவரிடம் பார்வை பார்க்கப் போய் இழந்த இரண்டு மணித்தியாலத்தை எங்களால் திருப்பித் தர முடியாது. பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருவதும் வேண்டாம். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த பை மேசையில் அசைந்தது.

மற்றவை சுருக்கமாக. முதலை இருக்கும் ஆற்றில் கலங்கிய ஓரமும் அந்தி நேரமும் குளிக்க உகந்தவை அல்ல. பாத்திரம் கழுவுவதும் அப்படித்தான். யானை தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள்; எது தடம் என்று ஊர்க்காரரைக் கேளுங்கள். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு. இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மலைநாட்டு மழையில் இரவோடிரவாக நீர் ஏறலாம். மார்கழி, தை மாதங்களில் ஆற்றோரம் தங்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

திரும்பி வந்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் உளைச்சல், கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் அது தொற்றும். ‘ஆற்றில் குளித்தேன்’ என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கூட்டம் நிறைந்த நாளில் நாங்கள் கேட்க மறந்துவிடுவோம்.