ஷியர் பேண்ட்: சறுக்குப் பட்டை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டைட்டானியம் கடையும் லேத் பட்டறைக்குப் போனால், கீழே விழும் சுருளில் ஒன்றை, சூடு ஆறியதும், எடுத்துப் பாருங்கள். ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே, நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதுதான் ஷியர் பேண்ட். உலோகம் மிக வேகமாக உருமாறும்போது, அந்த மாற்றம் துண்டு முழுதும் பரவாமல் சில பத்து மைக்ரோமீட்டர் அகலப் பட்டைக்குள் குவிந்துவிடுகிறது.

‘ஷியர்’ என்பது வெட்டுதல், கத்தரித்தல் என்ற பொருளில் பிறந்த பழைய ஆங்கிலச் சொல். ஆட்டு ரோமம் கத்தரிப்பதற்கும் இதே வினைதான். நம் கட்டடப் பொறியியலில் ‘வெட்டு விசை’ என்று எழுதுவதும் அந்த வழியில்தான். உத்தரத்துக்கு அது சரி, இங்கே பொருந்தாது. பட்டைக்குள் உலோகம் வெட்டுப்படுவதில்லை. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினாற்போல அடுக்கடுக்காகச் சறுக்குகிறது. விரிசல் அப்புறம்தான் வரும், வராமலும் போகலாம். ‘வெட்டுப் பட்டை’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளை அதை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் உள்ள ‘சறுக்குப்பெயர்ச்சி’ என்ற சொல் நிகழ்வைச் சரியாகப் பிடிக்கிறது. பூங்காவில் சறுக்குமரம் ஏறும் குழந்தைக்கும் தெரிந்த வேர் அது. அதைச் சுருக்கி ‘சறுக்குப் பட்டை’ என்பதே என் தேர்வு. படிகத்துக்குள் அணுத்தளங்கள் நகரும் ‘ஸ்லிப்’பை மட்டும் ‘நழுவல்’ என்று தனியே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

இதற்கு முன்னால் ‘அடியபாட்டிக்’ என்ற அடைமொழியும் வரும். கிரேக்கத்தில் அதற்குக் ‘கடந்துபோக முடியாத’ என்று பொருள். கடக்க முடியாமல் நிற்பது வெப்பம். தமிழில் இதை ‘வெப்ப மாற்றீடற்ற’ எனலாம்.

அந்த வெப்பத்தில்தான் விஷயமே இருக்கிறது. உலோகத்தை உருமாற்றச் செலவிடும் வேலையில் ஏறக்குறைய 90 சதவீதம் வெப்பமாகிறது. மெதுவாக அழுத்தினால் அது பரவிப் போய்விடும். ஆனால் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் எஃகுக்குள் வெப்பம் போகிற தூரம் சுமார் 10 மைக்ரோமீட்டர்தான். ஆகவே சூடு பிறந்த இடத்திலேயே தங்குகிறது, அந்த இடம் இளகுகிறது, இளகிய இடம் இன்னும் அதிகமாகச் சறுக்குகிறது, இன்னும் சூடாகிறது. உருமாறும்போது உலோகம் இறுகும் வேகத்தை, சூட்டில் இளகும் வேகம் மிஞ்சினால் பட்டை பிறக்கும். இந்த விளக்கத்தை ஜீனர், ஹாலமன் என்ற இரு உலோக ஆய்வாளர்கள் 1944-இல் தந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1878-இல், பிரெஞ்சுப் பொறியாளர் த்ரெஸ்கா பிளாட்டினம் கலந்த கட்டியைச் சம்மட்டி இயந்திரத்தில் அடித்தபோது பெருக்கல் குறி போல ஒளிர்ந்த கோடுகளைப் பதிவு செய்திருக்கிறார்.

உலோகத்துக்குள் வேறு பொருளின் துகள்களைப் பதித்துச் செய்யும் உலோகக் கூட்டுப்பொருளில் கதை இன்னும் சுவையானது. அலுமினியத்துக்குள் சிலிகான் கார்பைடு துகள்கள் பதிந்திருந்தால், துகள் வளைந்து கொடுக்காது. மொத்த உருமாற்றத்தையும் இடையில் உள்ள கொஞ்ச அலுமினியமே தாங்கவேண்டும். வெளியே அளக்கும் உருமாற்ற வேகத்தைவிட உள்ளே அந்த வேகம் பல மடங்கு. துகளின் கூர்முனைகளில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று தாங்கும் விசை, குவிய, பட்டை அங்கிருந்து கிளம்பும். பட்டைக்குள் துகள்கள் உடையும், ஒட்டிய இடம் பிரியும், சிறு குழிகள் சேர்ந்து கடைசியில் விரிசலாகும்.

எல்லா இடத்திலும் இது கெடுதல் இல்லை. பீரங்கி வண்டிகள் தயாராகும் ஆவடிக்காரர்களுக்கு இது நெருங்கிய விஷயம். கவசம் துளைக்கும் யுரேனியத் தண்டில் சறுக்குப் பட்டைகள் எளிதில் உண்டாகி, முனையின் ஓரங்களைக் கழித்துக் கூராகவே வைத்திருக்கும். நிக்கல், இரும்புக்குள் டங்ஸ்டன் மணிகள் பதிந்த தண்டில் அவை சுலபத்தில் வருவதில்லை, முனை காளான் போல விரிந்துவிடும். டங்ஸ்டன் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதும், சூட்டில் எளிதில் இளகாததும் இதற்குக் காரணம். அதனால் மணிகளைச் சூழ்ந்த உலோகத்தை மாற்றி, பட்டையை வேண்டுமென்றே வரவழைக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.