எடைகளும் அப்லோடு வழியாகத்தான் போகின்றன

போன வாரம் மறுபடியும் அதே புகார். வீடியோ கால் உறைந்து உறைந்து வருகிறது, ஃபைபரில் ஒளியின் அளவு சரியாக இருக்கிறது, ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. லாக்குகளைத் திறந்தால், எந்த வீட்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்து பேண்ட்விட்த்தைச் சரியாகப் பங்கிட வைத்த ஏஐ மாடலே தன் பயிற்சிக்காக அதைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு இது மூன்றாவது கேஸ், பொறுமை போய்விட்டது.

அது பயின்றது ஃபெடரேட்டட் லேர்னிங் முறையில்: டேட்டாவை ஓரிடத்தில் குவிக்காமல், அந்தந்த வீட்டுக் கருவியிலேயே மாடலைப் பயிற்றுவித்து, கற்றதை மட்டும் ஒன்றுசேர்ப்பது. அதைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் சொல்வது: "டேட்டா வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, அதனால் நெட்வொர்க்குக்குச் சுமை இல்லை." முதல் பாதி சரி. இரண்டாவது பாதி முழுத் தவறு. ஒவ்வொரு வீட்டு ஓஎன்யுவும் (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) தான் கற்றதை, அதாவது மாடலின் எடைகளை (அதற்குள் இருக்கும் எண்களை), ஒவ்வொரு சுற்றிலும் மேலே அனுப்பியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் எடைகள், ஒன்றுக்கு 32 பிட் என்றால் 4 மெகாபைட், அதாவது 32 மெகாபிட். ஒரே ஃபைபரில் 64 வீடுகள் என்றால் 2,048 மெகாபிட். ஜிபானில் (இப்படி ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் நெட்வொர்க் வகை) கீழே வரும் வேகம் நொடிக்கு 2.488 ஜிகாபிட், மேலே போக 1.244 தான், அதுவும் 64 பேருக்கும் பொதுவானது. வேறு யாரும் ஒரு பிட்கூட அனுப்பாமல் இருந்தாலும் ஒரு சுற்றுக்கே 1.6 நொடிக்கு மேல் ஆகும். இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள்! புது மாடல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இறங்குவதால் பதில்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மேலே அனுப்ப யாருக்கு எவ்வளவு இடம் என்று ஒதுக்கும் டிபிஏவுக்கு அது பயிற்சியா, ஒருவருடைய அழைப்பா என்று தெரியாது, க்யூ (அனுப்பக் காத்திருக்கும் டேட்டாவின் வரிசை) நிரம்பியிருந்தால் இடம் கொடுத்துவிடும்.

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20 கிலோமீட்டர் ஃபைபரைக் கடக்க ஒளிக்கு 100 மைக்ரோநொடி ஆகிறது, அதனால் ஓஎன்யு அனுப்பும் க்யூ அறிக்கை, நிறுவனத்தின் முனையில் இருக்கும் ஓஎல்டிக்கு வரும்போதே பழசாகிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப நல்ல கணிப்பு உண்மையிலேயே உதவும்.

ஆனால் தயவுசெய்து, எடைகளுக்குத் தனி டி-கான்ட் (மேலே அனுப்புவதற்கான தனி வழி) ஒதுக்கி, மிகக் குறைந்த முன்னுரிமையில் போடுங்கள். வாய்ஸோடு கலக்கவே கலக்காதீர்கள். 32 பிட்டை 8 பிட்டாகச் சுருக்கினால் சுமை கால்வாசியாகும், இதைக்கூடச் செய்யாமல் களத்தில் இறக்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எடைகளை ஓஎல்டியிலேயே சராசரி எடுத்தால் அதற்கு மேலுள்ள லிங்க்காவது தப்பிக்கும். பிந்தி வருகிற ஓஎன்யுவுக்காகச் சுற்றை நிறுத்தி வைக்காதீர்கள், கெடு வைத்து விட்டுவிடுங்கள். அப்புறம், எடைகளிலிருந்தும் பயனரின் தகவலை ஓரளவு மீட்டெடுக்க முடியும், அதனால் என்க்ரிப்ஷனைத் தவிர்க்காதீர்கள். வாடிக்கையாளருக்கு உறுதி கொடுத்த குறைந்தபட்ச வேகத்தை மாடலின் கையில் கொடுக்காமல், அதற்கு வெளியே நிலையான விதியாக வையுங்கள். கணிப்பு பிசகும்போது பழைய அறிக்கை முறைக்குத் தானாகத் திரும்பும் வழியும் இருக்கட்டும், அதை நேரலைக்குப் போகும் முன்பே ஒருமுறை வேண்டுமென்றே மாடலை நிறுத்திச் சோதித்துவிடுங்கள்.