நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

"8 ஜிபி ரேம், 128 ஜிபி நினைவகம்." புதுப் போன் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் தமிழ்ச் செய்திகளில் இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. சிலர் "உள் நினைவகம்" என்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய் "128 ஜிபி நினைவாற்றல்" என்றே எழுதுகிறார்கள். ரேமுக்கு உரிய தமிழ்ச் சொல்லை அதனிடமிருந்து பிடுங்கிப் பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருளுக்குச் சூட்டிவிட்டு, ரேமை மட்டும் ரேம் என்றே விட்டுவிடுகிறார்கள். நினைவகம் என்றால், வேலை நடக்கும்போது மட்டும் தரவைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த 8 ஜிபிதான். 128 ஜிபி இருப்பது, படங்களும் கோப்புகளும் நிலையாகத் தங்கும் சேமிப்பகம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நினைவகத்துக்கு ஆங்கிலத்தில் மெமரி. அது லத்தீன் மெமோரியாவிலிருந்து வந்தது. கணினிக்கு முன்னோடியான பகுப்புப் பொறியை 1830களில் வடிவமைத்த சார்லஸ் பாபேஜ், எண்களை வைத்திருக்கும் பகுதியைக் கிடங்கு என்ற பொருளில் ஸ்டோர் என்றார், கணக்குப் போடும் பகுதியை ஆலை என்ற பொருளில் மில் என்றார். 1945இல் எட்வாக் கணினிக்கான வரைவறிக்கையில் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் பொறியின் உறுப்புகளை மனித நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அதில்தான் மெமரி என்ற பெயர் ஓர் உறுப்பின் பெயராக அழுத்தமாகப் பதிந்தது. அதே அறிக்கையில் அவர் பொறிக்கு வெளியே இருக்கும் பதிவு ஊடகத்துக்குத் தனி எழுத்தும் தனிப் பெயரும் கொடுத்திருக்கிறார். நினைவகம் வேறு, பதிவு வேறு என்ற பிரிவினை முதல் நாளிலேயே இருந்தது. பிறகு ஆங்கிலக்காரர்களே மெமரி கார்டு, இன்டர்னல் மெமரி என்று விற்பனைக்காகக் குழப்பிக்கொண்டார்கள். அது அவர்கள் பாடு. மொழிபெயர்க்கும் நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் ஒரே பெயர் ஏன் ஒத்துவராது என்பது விளங்கும். ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு தரவுத் துளியும், ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் சும்மா இருந்தாலே கசியும். அதனால் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்து, படித்ததையே திரும்ப எழுதிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பித்தல் நின்றது, உள்ளே இருந்ததும் போயிற்று. சேமிப்பகங்களான எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் அப்படி இல்லை. அணைத்து மூட்டை கட்டி வைத்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் மெதுவானவை. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. எஸ்எஸ்டிக்கு அதைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு, ஹார்ட் டிஸ்குக்குச் சுமார் ஒரு லட்சம் மடங்கு. ரேம் வேலையை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், ஹார்ட் டிஸ்குக்கு ஒரு முழு நாளும் போதாது.

இப்போது தமிழைப் பாருங்கள். நினைவு என்ற சொல்லுக்குப் பழையதை மீட்டெடுப்பது என்ற பொருள் மட்டுமா இருக்கிறது? "என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றால் இந்தக் கணத்தில் மனத்தில் ஓடுவதைக் கேட்கிறோம். மயங்கி விழுந்தவரை "நினைவு தப்பிவிட்டது" என்கிறோம், கண் விழித்தால் "நினைவு திரும்பிவிட்டது" என்கிறோம். விழித்திருக்கும்போது மட்டும் இருப்பது, விழுந்தால் தப்பிப்போவது. ரேமின் இலக்கணமே அதுதான். மெமரி என்ற ஆங்கிலச் சொல்லுக்குக்கூட இந்தப் பொருத்தம் கிடையாது. இவ்வளவு கச்சிதமாக வாய்த்த சொல்லை எடுத்து, அணைத்துப் போட்டாலும் அழியாத ஒன்றுக்கு வைப்பதைப் பார்க்கும்போதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பாடப்புத்தக வழக்கு ஒன்று உண்டு: முதன்மை நினைவகம், இரண்டாம் நிலை நினைவகம். இதைச் சொல்லித்தான் பலர் என்னிடம் வாதாடுகிறார்கள். வட்டும் (ஹார்ட் டிஸ்க்) ஒருவகை நினைவகம்தானே, பாடத்திலேயே அப்படித்தானே இருக்கிறது என்று. பாடத்தில் இருக்கிறது, சரி. அந்தப் பெயர் மாணவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது? இரண்டும் ஒரே சாதி, ஒன்று மூத்தது, மற்றது இளையது என்று. உண்மையில் கணினியின் மூளையான செயலி (பிராசசர்) தன் கட்டளைகளைப் படிப்பதும் இயக்குவதும் நினைவகத்திலிருந்துதான். வட்டில் இருக்கும் ஒரு நிரலை அங்கே வைத்தே அது இயக்க முடியாது. முதலில் நினைவகத்துக்கு எடுத்துவர வேண்டும். ஆப்களைத் திறக்கும்போது திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறதே, அந்த நேரத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த எடுத்துவரும் வேலைதான். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் இந்தப் பயணமே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நினைவாற்றல் இன்னும் மோசம். ஆற்றல் என்பது செய்து காட்டும் திறமை. வல்லாரை சாப்பிட்டால் கூடும் என்கிறார்களே, அது நினைவாற்றல். 128 ஜிபி என்பது எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. அதற்குக் கொள்ளளவு என்ற சொல் எப்போதிருந்தோ இருக்கிறது.

இதெல்லாம் சொல்லாராய்ச்சி, நடைமுறையில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, அக்கா முறை. அவருடைய லேப்டாப்பில் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறியது. "நினைவகம் போதவில்லை" என்று திரையில் செய்தி வந்தது. செய்தியில் பிழை எதுவும் இல்லை, சரியான சொல்தான். ஆனால் விளம்பரங்களில் படித்துப் படித்து, நினைவகம் என்றால் படம் வைக்கும் இடம் என்று அவர் மனத்தில் பதிந்திருந்தது. உட்கார்ந்து குடும்பப் படங்களையும் மகளின் பழைய வீடியோக்களையும் அழித்தார். வட்டில் ஏகப்பட்ட இடம் காலியானது. லேப்டாப் மறுநாளும் அதே மாதிரி திணறியது, ஏனென்றால் அதில் இருந்த ரேம் 4 ஜிபிதான். அழித்த வீடியோக்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

வரம்புகளைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் பொய்யாகவே மாறிவிடுகிறது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி எண் உண்டு. 32 பிட் நீள முகவரியால் 4,29,49,67,296 இடங்களைத்தான் சுட்ட முடியும். ஓர் இடத்துக்கு ஒரு பைட் என்றால் 4 ஜிபி. அதனால்தான் 32 பிட் கணினியில் பொதுவாக அதற்கு மேல் நினைவகம் போட்டுப் பயனில்லை. இதைப் படிக்கும் ஒருவர், நினைவகம் என்றால் வட்டு என்று நம்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதே கணினியில் 500 ஜிபி வட்டு ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கிறார், எழுதியவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டுகிறார். நினைவகம் நிரம்பும்போது அதில் கொஞ்சத்தை வட்டுக்குத் தள்ளிவிட்டுச் சமாளிக்கும் மெய்நிகர் நினைவகத்தையும் இப்படித்தான் விளக்க முடியாமல் போகிறது. "நினைவகம் நிரம்பினால் நினைவகத்தில் வைக்கும்" என்றா எழுதுவது?

சேமிப்பகம் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு வருகிறது. சேமிப்பு என்றால் வங்கிக் கணக்கு நினைவுக்கு வருகிறது என்கிறார்கள் ஒரு சாரார். கோப்பைச் "சேமி" என்று தினமும் பொத்தானை அழுத்துகிறோமே, அந்தச் சேமிப்பு போகும் இடம்தான் சேமிப்பகம். இதைவிடத் தெளிவான உறவு வேறென்ன வேண்டும்? தனித்தமிழ் அன்பர்கள், சேமம் வடமொழி க்ஷேமத்தின் வழி வந்தது, ஆகவே சேமியும் ஆகாது என்கிறார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் எல்லாரும் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் சொல்லை வேர் பார்த்து விலக்கினால், அந்த இடத்தில் தனித்தமிழ்ச் சொல் வந்து உட்காரப்போவதில்லை. ஸ்டோரேஜ்தான் உட்காரும். சேமிப்பிடம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை, பொருள் தவறவில்லை. மெமரி கார்டை நினைவக அட்டை என்பதில்தான் மறுப்பு. அது சேமிப்பு அட்டை.

ராண்டம் ஆக்சஸ் மெமரி என்பதன் சுருக்கமான ரேமை விரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் செய்வதையும் சொல்லியாக வேண்டும். "தற்போக்கு அணுகல் நினைவகம்", "குறிப்பிலா அணுகு நினைவகம்." அகராதியில் ராண்டம் என்பதற்கு நேரே இருந்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கணினி தன் போக்கில் ஏதோ ஓரிடத்தைத் தொடுகிறதா என்ன? 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் பாதரசக் குழாய்களுக்குள் தரவு ஒலித்துடிப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேண்டிய எண் குழாயின் முனைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு மான்செஸ்டரில் ஓடிய சிறு கணினி, கேத்தோடு கதிர்க் குழாயின் முகப்பில் பிட்டுகளை மின்னூட்டப் புள்ளிகளாக வைத்திருந்தது. அதில் எந்தப் புள்ளியையும் ஒரே அளவு நேரத்தில் தொடலாம், வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். ராண்டம் என்று சொல்லப்பட்டது இந்த வசதியைத்தான். விரித்து எழுத வேண்டிய இடத்தில் எவ்விட அணுகு நினைவகம் என்று எழுதலாம். மற்ற இடங்களில் நினைவகம் என்றாலே போதும். ரேம் என்று எழுதினாலும் குற்றமில்லை, தற்போக்கு மட்டும் வேண்டாம்.